காஜா எடுக்காத பொத்தான்: மெயில் சர்வரை நாமே கம்பைல் செய்வது எதற்கு?

பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்துக்கென்று ஒரு சிறிய மெயில் சர்வர் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த லினக்ஸ் கணினி, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், முப்பது சொச்சம் பேருக்குக் கணக்கு. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒருமுறை கூட்டம் முடிந்து பட்டர்வொர்த் போக ஃபெரிக்குக் காத்திருந்தபோது, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “தம்பி, கடிதம் முழுக்கத் தமிழ்ல எழுதுறோம், தலைப்பும் தமிழ்லதான் போடுறோம். முகவரி மட்டும் ஏன் இன்னும் இங்கிலீஷ்ல இருக்கு?”

“மாத்திடலாம் சார், ஒரு வரி மாத்தினா போதும்” என்றேன்.

அந்த ஒரு வரி போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸில் நாலு கட்டளை அடித்துப் பழகியிருந்தால் தாராளமாகப் புரியும்.

முதலில், முகவரி ஏன் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது என்று பார்ப்போம். மடலுக்குள்ளே தமிழ் வந்து வெகுகாலம் ஆகிறது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். ஆனால் முகவரி என்பது உறையின் மேல் எழுதுகிற விஷயம். உறையைப் படிப்பவை வழியில் இருக்கிற சர்வர்கள். அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982இல் அதற்கு விதி எழுதியபோது, முகவரியில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டும்தான் வரலாம் என்று வைத்துவிட்டார்கள்.

முகவரியில் அட் குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன் பெயர். அதைத் தமிழில் வைத்துக்கொள்ள 2003லேயே ஒரு வழி பிறந்தது. தமிழ்ப் பெயரை எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிவிடுவார்கள். நாம் பார்ப்பது தமிழ், இணையம் பார்ப்பது அந்தக் கோவை. சிங்கப்பூர், இந்தியா, இலங்கை மூன்றும் தங்கள் நாட்டு முடிவுப் பெயரையே தமிழிலும் வைத்திருக்கின்றன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒன்று இருக்கிறது, தமிழில் இல்லை. அதனால் நாங்கள் வட்டத்தின் பெயரைத் தமிழில் எழுதி, பின்னால் டாட் காம் சேர்த்துப் பதிவு செய்தோம்.

இடப்பக்கம்தான் சிக்கல். அங்கே இருப்பது ஆள் பெயர். அதற்கு என்ன பொருள் என்பதை மடலைப் பெறும் சர்வர் மட்டும்தான் முடிவு செய்யும், நடுவில் இருப்பவர் யாரும் அதைத் தொட்டு மாற்றக் கூடாது என்பது பழைய விதி. எனவே டொமைனுக்குச் செய்த எழுத்து மாற்று வேலை இங்கே செல்லாது. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கையோடு கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கான விதி 2012 பிப்ரவரியில் வந்தது. எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 என்று பெயர். இரண்டு சர்வர்கள் சந்திக்கும்போது, ஒன்று வணக்கம் சொல்லும், மற்றது தனக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு பட்டியல் வாசிக்கும். அந்தப் பட்டியலில் இந்தப் பெயரும் இருந்தால், தமிழ் முகவரியோடு வரும் மடலை அது வாங்கிக்கொள்ளும்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு இந்த வசதியை எழுதிக் கொடுத்தவர் ஆர்ன்ட் குல்பிராண்ட்சன். 2014இல் அந்த வேலைக்குப் பணம் தந்தது சீனாவின் இணையப் பெயர்ப் பதிவு அமைப்பான சிஎன்என்ஐசி. போஸ்ட்ஃபிக்ஸை உருவாக்கிய வீட்சே வெனமா அதைத் தன் நிரலோடு இணைத்தார், 2015 பிப்ரவரியில் 3.0 பதிப்பில் எல்லோர் கைக்கும் வந்தது. சீன எழுத்துக்காகச் செய்த வேலையில் தமிழும் பயன் பெற்றது. அந்த நன்றி எனக்கு உண்டு.

எங்கள் சர்வரிலோ 2.10 என்ற பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய லினக்ஸுக்குப் புதிய பதிப்பு தயார் நிலையில் கிடைக்கவில்லை. எனவே மூல நிரலை இறக்கி நானே கம்பைல் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. மடல்கள் வந்தன, போயின. அப்புறம் மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, எஸ்எம்டிபியூடிஎஃப்8_எனேபிள் என்ற வரிக்கு நேரே ‘யெஸ்’ (ஆம்) என்று போட்டேன். சர்வரின் பதிவேட்டில் (லாக்) ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. தமிழில் சொன்னால் இப்படி: ‘அந்த வசதியை இயக்கச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் ஈஏஐ ஆதரவு இதற்குள் கம்பைல் செய்யப்படவில்லை.’

ஈஏஐ என்பது பன்மொழி மின்னஞ்சல் முகவரிகளுக்கான சுருக்கப் பெயர். கம்பைல் செய்யப்படவில்லை என்றால் என்ன?

பெரியம்மாவின் தையல் மேசை

என் பெரியம்மா ஜோர்ஜ்டவுனில், லெபு பசார் பக்கம், முப்பது வருஷம் தையல் வேலை செய்தவர். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ரவிக்கைத் துணிகள் மேசையில் குவிந்துவிடும். சின்ன வயதில் பொத்தான் தைக்கிற வேலையை எனக்குக் கொடுப்பார். ஒரு நாள் சட்டை ஒன்றுக்கு ஐந்து பொத்தானையும் கவனமாகத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுபக்கத்தைப் பார்த்தால் காஜாவே எடுக்கவில்லை. பொத்தான் இருக்கிறது, அது நுழைய ஓட்டை இல்லை. “பொத்தான நீ எப்ப வேணா தைக்கலாம், எடுக்கலாம். காஜா, சட்டை என் கையில இருக்கும்போதே எடுக்கணும்” என்றார்.

அமைப்புக் கோப்பில் நாம் எழுதும் வரிகள் எல்லாம் பொத்தான்கள். தைக்கலாம், பிரிக்கலாம், இடம் மாற்றலாம். சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும். ஆனால் அந்த வரி எதை இயக்குகிறதோ, அது நிரலுக்குள்ளே இருக்க வேண்டும். நிரலுக்குள் எது இருக்கும், எது இருக்காது என்பது அதைக் கம்பைல் செய்த அன்றே முடிவாகிவிடுகிறது.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் எழுதப்பட்டது சி மொழியில். மனிதர் படிக்கக்கூடிய அந்த எழுத்துதான் மூல நிரல். கணினியால் அதை அப்படியே ஓட்ட முடியாது. கம்பைலர் அதைப் படித்து, கணினிக்குப் புரியும் எண் கோவைகளாக மாற்றித் தரும். மாற்றுவதற்கு முன்னால் ஒரு முன்வேலை நடக்கிறது. மூல நிரலில் சில பகுதிகளுக்கு மேலேயும் கீழேயும் வேலி போட்டமாதிரி வரிகள் இருக்கும். மேல் வரி சொல்வது இது: ‘நோ_ஈஏஐ என்ற குறி இல்லாவிட்டால் மட்டும் இங்கிருந்து படி.’ கீழ் வரி: ‘வேலி முடிந்தது.’

நோ_ஈஏஐ என்ற குறியோடு கம்பைல் செய்தால், வேலிக்குள் இருக்கும் வரிகளைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. அவை முன்வேலையிலேயே வெட்டி எறியப்படும். கடைசியில் வரும் நிரலில் அவற்றின் சுவடுகூட இருக்காது. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தட்டி எழுப்புவதுபோல அமைப்புக் கோப்பால் எழுப்ப முடியாததற்கு இதுதான் காரணம். எழுப்ப அங்கே ஆள் இல்லை.

எல்லா வசதியையும் எப்போதும் சேர்த்தே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு கூடுதல் வசதியும் இன்னொருவர் எழுதிய நிரல் நூலகத்தை நம்பியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் பயனர் பட்டியல் வைக்க அதன் நூலகம் வேண்டும், எல்டாப் என்ற பயனர் விவர முறை வேண்டுமானால் அதற்கு ஒன்று, கடவுச்சொல் சரிபார்க்கும் சைரஸ் எஸ்ஏஎஸ்எல்லுக்கு ஒன்று. முப்பது பேர் வட்டத்துக்கு இவை எல்லாம் எதற்கு? மெயில் சர்வர் உலகத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் நிரல். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ தாக்கிப் பார்க்கக்கூடிய வரி. தேவையில்லாததை விட்டுவிடுவது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன்.

என் சர்வரில் நடந்தது

தமிழ் முகவரிக்குத் தேவைப்படும் நூலகத்தின் பெயர் ஐசியு. யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் பெரிய கருவித் தொகுப்பு அது. முதலில் ஐபிஎம் பார்த்துக்கொண்டது, 2016 முதல் யூனிகோடு கன்சார்ட்டியத்தின் கீழ் இருக்கிறது. தமிழ் டொமைன் பெயரை எக்ஸ்-என் கோவையாக மாற்றுவது போன்ற வேலைகளுக்கு போஸ்ட்ஃபிக்ஸ் இதைத்தான் கூப்பிடுகிறது.

கம்பைல் செய்யத் தொடங்கும்போது போஸ்ட்ஃபிக்ஸ் கணினியில் ஐசியு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். இருந்தால் தமிழ் முகவரி வசதியோடு கட்டும். இல்லாவிட்டால் பிழை சொல்லி நிற்காது, தானாகவே நோ_ஈஏஐ குறியைச் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். ‘பிழையில்லாமல் முடிந்தது’ என்பதை ‘எல்லாம் உள்ளே வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒன்றில்லை.

இத்தனைக்கும் ஐசியு என் கணினியில் இருந்தது. பிறகு ஏன் கிடைக்கவில்லை? புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒரு நூலகம் லினக்ஸில் பெரும்பாலும் இரண்டு பொட்டலமாக (பேக்கேஜ்) வரும். ஒன்று, ஓடும் நிரல்களுக்குத் தேவையான பகுதி. மற்றது, புதிதாக நிரல் கட்டுபவர்களுக்கான பகுதி. பின்னதில் ஹெடர் கோப்புகள் இருக்கும். இந்த நூலகத்தில் என்னென்ன செயல்கள் உண்டு, ஒவ்வொன்றையும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு அது. பெரியம்மா கணக்கில், துணி முதல் பொட்டலம், அளவுச் சீட்டு இரண்டாவது. துணி எவ்வளவு இருந்தாலும் அளவுச் சீட்டு இல்லாமல் கத்திரி வைக்க முடியாது. டெபியன், உபுண்டுவில் அந்த இரண்டாவது பொட்டலத்தின் பெயர் லிப்ஐசியு-டெவ். ரெட்ஹேட் குடும்பத்தில் லிப்ஐசியு-டெவல்.

சரி, டெவல் பொட்டலத்தை நிறுவினேன், மூல நிரல் இருந்த அடைவுக்குப் போய் மறுபடி ‘மேக்’ என்று அடித்தேன். சில நொடியில் முடிந்துவிட்டது. அதே எச்சரிக்கை மீண்டும் வந்தது. காரணம், முதல்முறை தேடிப் பார்த்து எழுதிவைத்த குறிப்பையே அது இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. மேக் என்பது மாறிய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும் கருவி. மூல நிரலில் எதுவும் மாறவில்லை, அதனால் அது எதையும் செய்யவில்லை. ‘மேக் டைடி’ என்று அடித்துப் பழைய மிச்சங்களைத் துடைக்க வேண்டும். அடுத்து ‘மேக் மேக்ஃபைல்ஸ்’. இதுதான் கணினியைப் புதிதாக ஆராய்ந்து பார்க்கும் கட்டம். மைஎஸ்க்யூஎல் போன்ற வேறு வசதி வேண்டுமானால் அதற்கான குறியையும் நூலக இடத்தையும் இந்தக் கட்டளையோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதன்பின் ‘மேக்’. கடைசியாக, ஏற்கெனவே ஓடும் சர்வர் என்றால் ‘மேக் அப்கிரேட்’. அது நம் அமைப்புக் கோப்புகளை வைத்துக்கொண்டு நிரல்களை மட்டும் புதுப்பிக்கும். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டு இதைச் செய்து, பிறகு தொடங்குங்கள். அமைப்பு அடைவுக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.

இந்தமுறை கம்பைலர் நிதானமாக எல்லாக் கோப்பையும் ஒவ்வொன்றாகக் கடந்து போனது. முடிந்ததும் மூன்று இடத்தில் சரிபார்த்தேன். எல்டிடி என்ற கட்டளை ஒரு நிரல் எந்தெந்த நூலகங்களோடு கோக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும். போஸ்ட்ஃபிக்ஸில் மடலை வாங்கும் பகுதியான எஸ்எம்டிபிடி நிரலை அதில் கொடுத்தபோது ஐசியுவின் பெயர் வந்தது. அடுத்து, பதிவேட்டில் அந்த எச்சரிக்கை மறைந்திருந்தது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. டெல்நெட் வழியாக 25ஆம் எண் வாசலில் சர்வரைத் தொட்டு, இஹெச்எல்ஓ என்று வணக்கம் சொன்னேன். அது வாசித்த பட்டியலில் எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்று ஒரு வரி இருந்தது. முந்தைய நாள்வரை இல்லாத வரி.

வேறு வசதிகளைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. போஸ்ட்கான்ஃப் கட்டளையோடு சிறிய எம் சேர்த்தால் எந்தெந்த வகைத் தேடல் அட்டவணைகள் உள்ளே இருக்கின்றன என்று தெரியும், சிறிய ஏ சேர்த்தால் கடவுச்சொல் சரிபார்க்கும் வகைகள் தெரியும். கம்பைல் செய்ய உட்காருவதற்கு முன் இதை அடித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்து கேட்கும் தனிக் கவனம்

வசதி வந்துவிட்டது என்று தமிழ்ப் பெயரை அப்படியே போட்டுவிட முடியாது. போஸ்ட்ஃபிக்ஸ் டொமைனின் தமிழ் வடிவத்தையும் எக்ஸ்-என் வடிவத்தையும் ஒன்று என்று தானாக எடுத்துக்கொள்வதில்லை. நம் டொமைன் என்று அறிவிக்கும் இடத்திலும் அட்டவணைகளிலும் இரண்டு வடிவத்தையும் நாமே எழுத வேண்டும். ஒன்றை விட்டால், பாதி மடல்கள் ‘அப்படி ஒரு டொமைன் என்னிடம் இல்லை’ என்று திரும்பிப் போகும்.

பெயரின் நீளமும் முக்கியம். அட் குறிக்கு இடப்பக்கம் 64 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது எஸ்எம்டிபி விதி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, கால், கொம்பு, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ண வேண்டும். முதலில் நாங்கள் வைக்க நினைத்த பெயர் ‘பினாங்குவாசகர்வட்டம்’. கண்ணுக்குப் பன்னிரண்டு எழுத்து. எண்ணிப் பார்த்தால் 20 குறி, அதாவது 60 பைட். விளிம்பில்தான் நின்றது. கடைசியில் ‘தகவல்’ என்று வைத்தோம். 5 குறி, 15 பைட்.

இன்னொன்றும் யோசித்தோம். ‘கொ’ என்ற எழுத்தை, ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு வேறு. முகவரியில் அப்படி ஓர் எழுத்து இருந்தால் அனுப்புபவரின் விசைப்பலகையைப் பொறுத்து மடல் வழி தவறலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத பெயராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற குழப்பம் தமிழுக்கு இல்லை. அந்த மட்டும் நமக்கு லாபம்.

நீங்களும் இதைச் செய்ய வேண்டுமா? அநேகமாக வேண்டாம். டெபியன், உபுண்டு போன்ற இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் போஸ்ட்ஃபிக்ஸ் ஏறக்குறைய தேவையான எல்லாவற்றோடும் தயாராகவே வருகிறது. 3.0 பதிப்புக்குப் பிறகு மைஎஸ்க்யூஎல், எல்டாப் போன்றவற்றைத் தனிப் பொட்டலமாகப் பின்னால் செருகிக்கொள்ளவும் முடியும். பெரியம்மா மொழியில், தனியாகத் தைத்துப் பிறகு இணைக்கிற கைப்பகுதி மாதிரி. ஈஏஐ அப்படிச் செருகக்கூடிய ஒன்றல்ல, அடித்தளத்திலேயே கலந்திருப்பது. உங்கள் விநியோகத்தின் பொட்டலத்தில் வேண்டியது இருக்கிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நாமே கம்பைல் செய்த நாள் முதல் பாதுகாப்புத் திருத்தமும் நம் தலையில்தான். 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி ஸ்மக்லிங் என்ற தாக்குதல் முறை வெளியானது. மடல் எங்கே முடிகிறது என்பதை இரண்டு சர்வர்கள் வெவ்வேறாகப் புரிந்துகொள்வதைப் பயன்படுத்தி, ஒரு மடலுக்குள் இன்னொரு போலி மடலை ஒளித்து அனுப்பும் வழி. போஸ்ட்ஃபிக்ஸ் சில நாளிலேயே 3.8.4, 3.7.9, 3.6.13, 3.5.23 என்று திருத்திய பதிப்புகளை வெளியிட்டது. பொட்டலம் வழியாக நிறுவியவர்கள் விநியோகத்தின் புதுப்பித்தலை வாங்கிக்கொள்ளலாம். கம்பைல் செய்தவர்கள் அறிவிப்பைத் தாங்களே பார்த்து, இறக்கி, மறுபடி கட்ட வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இந்த வழிக்கு வரக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். முப்பது பேருடைய கடிதங்கள் நம்மை நம்பி இருக்கின்றன. அதோடு, விநியோகத்தின் பழைய போஸ்ட்ஃபிக்ஸ் பொட்டலத்தை நீக்கிவிடுங்கள், அல்லது அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் என்றோ ஒரு புதுப்பித்தலில் நீங்கள் கட்டியதன் மேல் அது வந்து உட்கார்ந்துவிடும்.

பெரியம்மா நீலக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொருவர் அளவையும் எழுதி வைத்திருப்பார். பத்து வருஷம் கழித்து வந்தாலும் பக்கத்தைத் திருப்பி எடுப்பார். போஸ்ட்ஃபிக்ஸும் அப்படி ஒன்று வைத்திருக்கிறது. நிறுவும்போது மேக்டெஃப்ஸ்.அவுட் என்ற கோப்பை, பெரும்பாலும் அமைப்பு அடைவிலேயே, போட்டு வைக்கும். எந்தக் குறிகளோடு, எந்த நூலகங்களோடு இது கட்டப்பட்டது என்று அதில் இருக்கும். அடுத்தமுறை புதுப்பிக்கும்போது அதே வசதிகளை விடாமல் சேர்க்க அதைத்தான் பார்க்கிறேன். முதல்முறை கட்டியபின் அதைத் திறந்து பார்த்திருந்தால், நோ_ஈஏஐ என்ற சொல் அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

தமிழ் முகவரிக்கு வரும் மடலை வட்டத்தின் பழைய கணக்குக்கே திருப்பிவிட்டோம். முதல் மடலை ஆசிரியர் தன் ஜிமெயிலில் இருந்து அனுப்பினார். இப்படிப்பட்ட முகவரிகளோடு கடிதம் பரிமாறுவதை ஜிமெயில் 2014லேயே தொடங்கிவிட்டது. அந்த மடல் வந்து சேர்ந்தது. பதில் போட்டேன், அதுவும் போனது. ஆனால் அடுத்த வாரம் உறுப்பினர் ஒருவரின் அலுவலக முகவரிக்குத் தமிழ் முகவரியிலிருந்து அனுப்பியது திரும்பி வந்தது. எதிர்ப்பக்க சர்வர் எஸ்எம்டிபியூடிஎஃப்8ஐ முன்வைக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அங்கே இன்னும் காஜா எடுக்கவில்லை. அதை நான் இங்கிருந்து எடுக்கவும் முடியாது. அதனால் வட்டத்தின் அழைப்பிதழில் இப்போது இரண்டு முகவரிகள் அச்சாகின்றன. மேலே தமிழ், கீழே ஆங்கிலம். எது மேலே என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்தார்.